கூரையேறிய பாட்டு

நாட்டரசன்கோட்டையில் பாசஞ்சர் ஒரு நிமிஷம்தான் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அரை மணி நேரம் முன்னாலேயே போய் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். 1998இல் நான் காரைக்குடியில் படித்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் சீசன் டிக்கெட், மடியில் சோற்று டப்பா. பனங்குடி, கல்லல், தேவகோட்டை ரஸ்தா, காரைக்குடி என்று ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வழியில் கிராசிங் விழுந்தால் அதற்குக் கணக்கே கிடையாது.

தினமும் ரயிலில் போகிறவனுக்குத் தூக்கம் வராவிட்டால் சீட்டாட்டம். சீட்டுக்கட்டில் சேர்க்காத சின்னப்பயலுக்கு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடும் வற்றிய கண்மாயும்தான். ஆனால் அது மீட்டர்கேஜ் காலம். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம். இரண்டு துண்டு சேருமிடத்தில் வெயிலுக்கு இரும்பு நீள்வதற்காக நெல்மணி அகலம் இடைவெளி விட்டிருப்பார்கள். சக்கரம் அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தட்டு. பெட்டியின் முன்சக்கரங்கள் இரண்டு தட்டு, பின்சக்கரங்கள் இரண்டு தட்டு, அப்புறம் கொஞ்சம் மூச்சு. தடக்தடக், தடக்தடக். தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தால் அந்தத் தாளம் பல் வரைக்கும் ஏறும். அதற்குமேல் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் மனசுக்குள் போட்டுக்கொள்ளலாம். கல்லல் வருவதற்குள் நான் எத்தனையோ படங்களில் நாயகனாகியிருக்கிறேன்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ‘உயிரே’ வந்தது. அதன் பாட்டுக் கேசட் அதற்கு முன்பே காரைக்குடிக்கு வந்துவிட்டது. அசல் கேசட் வாங்கக் காசில்லாதவர்கள் வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, பாட்டுப் பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதி, பதிவு செய்துதரும் கடையில் விட்டுவிட்டு மறுநாள் வாங்குவோம். என் சீட்டில் முதல் பாட்டு ‘தையா தையா’. அது தண்டவாளத்தின் மேலேயே பிறந்த பாட்டு மாதிரி இருந்தது. எங்கள் பாசஞ்சரின் தாளத்தை யாரோ கோடம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

எங்கள் பெட்டியில் தினமும் ஏறும் தமிழ் வாத்தியார் ஒருவர் உண்டு. ஊரில் கம்பன் சமாதி இருக்கிறது என்ற பெருமையை அன்றாடம் சுமப்பவர். பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழா முடிந்து, அத்தத்தன்று கம்பன் கழகத்தார் நாட்டரசன்கோட்டைக்கு வந்து சமாதியில் மலர் தூவும்போது முன்வரிசையில் நிற்பவர். 1939இல் சா. கணேசன் தொடங்கிவைத்த வழக்கம் அது. அவரிடம் கேசட் உறையைக் காட்டினேன்.

“டப்பிங் பாட்டுத்தானே தம்பி?” என்றார். “இந்தியில வாயசைச்சதுக்குத் தமிழ்ல கொட்டுறது.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இந்தப் பாட்டு எந்த ஊர்க்காரன்? பல வருஷம் கழித்து அதன் தடத்தைத் தேடிப் போனபோது, அது கோடம்பாக்கத்தில் நிற்கவில்லை, பம்பாயிலும் நிற்கவில்லை. கசூர் வரை போயிற்று.

கசூர் இப்போது பாகிஸ்தானில், லாகூருக்குத் தெற்கே இருக்கிறது. 1757இல் இறந்துபோன புல்லே ஷா என்ற பஞ்சாபி சூஃபிக் கவிஞர் அங்கே அடங்கியிருக்கிறார். நபி வழிவந்த சையது குடும்பத்தில் பிறந்தவர். அவர் குருவாகக் கொண்ட ஷா இனாயத்தோ தோட்டப்பயிர் செய்யும் சாதி. வீட்டில் எதிர்ப்பு, உறவில் ஏளனம். ஒரு கட்டத்தில் குருவுக்கே சீடன்மேல் மனத்தாங்கல் வந்து, முகத்தில் விழிக்காதே என்று அனுப்பிவிட்டார் என்று கதை. சீடன் என்ன செய்தான்? ஆடல் மகளிரிடம் போய் ஆட்டம் படித்தான். பெண் வேஷம் கட்டி, காலில் சலங்கை கட்டி, குரு வரும் இடத்தில் போய் ஆடினான். குரு கண்டுகொண்டு அணைத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தின் சொல்தான் ‘தையா தையா’. உன் காதல் என்னை இப்படி ஆட வைத்துவிட்டது என்று பாடுகிற அந்தப் பாட்டை பஞ்சாபின் தர்காக்களில் இரண்டரை நூற்றாண்டாகப் பாடிவருகிறார்கள். அபிதா பர்வீன் பாடிக் கேட்டால், ரயிலும் வேண்டாம் சினிமாவும் வேண்டாம் என்று தோன்றும்.

கதை நடந்ததா, நடக்கவில்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. நம் ஊர்ச் சித்தர்கள் கதைகளிலும் பாதி இப்படித்தான். எனக்கு முக்கியம் அந்தச் சொல். அதற்கு அகராதிப் பொருள் கிடையாது. கால் தரையில் படும் ஓசை அது. பஞ்சாபில் ‘தையா’ என்று கேட்ட கால், தஞ்சாவூரில் ‘தைய்யா தை’ என்று கேட்டிருக்கிறது. ஜதி சொல்லிக்கொடுக்கும் நட்டுவனாரைக் கசூருக்குக் கூட்டிப்போனால் இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

அங்கிருந்து அது தெற்கே வந்தது பாடகர் சுக்விந்தர் சிங்கின் வாய்வழியாக. மணிரத்னத்தின் முதல் நேரடி இந்திப் படத்துக்கு (அதன் தமிழ் வடிவம்தான் ‘உயிரே’) இசையமைத்துக்கொண்டிருந்த ஏ.ஆர். ரஹ்மான் பஞ்சாபிப் பக்திப்பாட்டு ஒன்று வேண்டும் என்று தேட, சுக்விந்தர் எடுத்துக்கொடுத்தது புல்லே ஷாவை. கோடம்பாக்கத்தில் ரஹ்மான் வீட்டோடு ஒட்டிய பஞ்சதன் ஒலிக்கூடத்தில், ராத்திரி விழித்திருந்து வேலை செய்யும் பழக்கம் உள்ள அந்த இடத்தில், சூஃபியின் சலங்கை சினிமாத் தாளம் ஆயிற்று. இந்திப் பாட்டு எழுதிய குல்ஸார் ஒரு எழுத்தில் கை வைத்தார். ‘தையா’வை ‘சைய்யா’ ஆக்கினார். சைய்யா என்றால் நிழல். யார் தலைமேல் காதலின் நிழல் விழுகிறதோ என்ற பொருளில் பாட்டு போகும். ஆட்டத்தின் சொல் இப்படி மரத்தின் சொல்லாயிற்று. இதைக் களவு என்று சொல்லமாட்டேன். புல்லே ஷாவின் வெயிலுக்கு குல்ஸார் ஒரு நிழல் போட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான்.

இனி ரயில்.

படத்தின் நாயகன் அமர் அகில இந்திய வானொலிக்காரன். வடகிழக்கு மலைப்பக்கம், ஹாஃப்லாங் ஸ்டேஷன், மழை ராத்திரி. போர்வை போர்த்திய ஒரு பெண் பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இவன் வாய் ஓயாமல் பேசுகிறான். அவள் டீ கேட்கிறாள். இவன் ஓடிப்போய் டீ வாங்கி வருவதற்குள் அவள் ஏறிய ரயில் கிளம்பிவிடுகிறது. நனைந்துகொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் சம்பவம். அடுத்த கணம் வெயில். பச்சை மலை. கரும்புகை கக்கும் எஞ்சின். அவன் ரயிலின் கூரைமேல் நின்று ஆடிக்கொண்டிருக்கிறான்.

இந்த இடத்தை நான் எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. பிடிக்க முடியாமல்போன ரயிலின் கூரைமேல் மனசு ஏறிக்கொண்டது. அதைவிட வேடிக்கை, கனவில் அவனோடு ஆடுவது அந்தப் பெண்ணே இல்லை. மனீஷா கொய்ராலா அந்தப் பாட்டில் கிடையாது. ஆடுவது மலைகா அரோரா. படத்தில் அதற்கு முன்னும் பின்னும் வராதவர். ஆட்டம் முடிந்து கதை தொடரும்போது யாரும் அந்த ரயிலைப் பற்றிப் பேசுவதில்லை. சினிமா விமர்சகர்கள் இதைப் பாட்டுக்காகச் செருகிய பாட்டு என்பார்கள். தினமும் ரயிலில் போகிறவனைக் கேளுங்கள். எதிர்ப் பெட்டி ஜன்னலில் கண்ட முகம் ஒன்று, கனவில் ஆடுவது வேறொன்று. பகல்கனவுக்கு ஆள் அடையாளம் பார்க்கும் பழக்கமே கிடையாது.

கதையில் அது அஸ்ஸாம். படம்பிடித்தது மேட்டுப்பாளையத்துக்கு மேலே நீலகிரி மலைரயிலில். கண்ணில் படாத ஒற்றுமை ஒன்று இதில் இருக்கிறது. ஹாஃப்லாங் வழியாகப் போன லம்டிங் மலைப்பாதை அன்றைக்கு மீட்டர்கேஜ். நீலகிரிப் பாதையும் மீட்டர்கேஜ். எங்கள் காரைக்குடி, மானாமதுரைப் பாதையும் மீட்டர்கேஜ். மூன்றிலும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே சரியாக 1000 மில்லிமீட்டர். தண்டவாளத்தை யாராவது தொடர்ந்து போட்டிருந்தால், அமர் தவறவிட்ட ரயில் அப்படியே நாட்டரசன்கோட்டையில் வந்து ஒரு நிமிஷம் நின்றிருக்கும்.

ரயில் கூரைமேல் ஆடியது எப்படிச் சாத்தியமாயிற்று என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. மறுமொழி மலையிலேயே இருக்கிறது. கல்லாறு தாண்டியதும் பாதை 12 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் செங்குத்தாக ஏறத் தொடங்கும். வழுக்காமலிருக்க இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல்வைத்த இரும்புச்சட்டம் இரண்டு ஓடும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும். மேலே போகும்போது எஞ்சின் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர், அதற்குமேல் விடமாட்டார்கள். சைக்கிள்காரன் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் முந்திவிடுவான். இந்தப் பொறுமையான ரயிலைத்தான் சந்தோஷ் சிவனின் கேமராவும் ஃபரா கானின் ஆட்டமும் பறக்கும் ரயிலாக நமக்குக் காட்டின. பாட்டைக் கேட்டுக்கொண்டு பார்ப்பவனுக்கு வேகம் தாளத்தில் இருக்கிறது, சக்கரத்தில் இல்லை.

மெதுவான ரயில் என்பதால் ஆபத்தில்லாத வேலை என்று அர்த்தமில்லை. 16 குகை, 250 பாலம், 208 வளைவு உள்ள பாதை அது. பாலங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. நாலைந்து நாளில் எடுத்து முடித்தார்கள். நிஜ ரயில், நிஜக் கூரை, பின்னால் திரைச்சீலை கிடையாது, கணினி வித்தை கிடையாது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆடியதாகவும், கயிறு உராய்ந்து ரத்தம் கசிந்ததாகவும் மலைகா பின்னாளில் சொல்லியிருக்கிறார். நமக்குத் தெரிவது துப்பட்டாவும் காற்றும்தான்.

அந்தத் தண்டவாளத்துக்குச் சினிமா புதிதுமில்லை. டேவிட் லீன் 1984இல் ‘எ பாசேஜ் டு இந்தியா’வுக்கு அங்கே வந்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1982இல், அதே பாதையில் கேத்தி ஸ்டேஷனில் பாலு மகேந்திரா ஒருவனை மழையில் ஓடவிட்டார். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி. பிளாட்பாரத்தில் விடப்பட்ட கமல்ஹாசன் ரயிலுக்குள் இருக்கும் ஸ்ரீதேவிக்கு நினைவூட்டக் குட்டிக்கரணம் போடுகிறார். அவளுக்கு ஞாபகம் வரவில்லை, ரயில் போய்விடுகிறது. பதினாறு வருஷம் கழித்து அதே மலையில் இன்னொருத்தன், அவனும் ரயிலைத் தவறவிட்டவன்தான். இவனுக்கு மட்டும் கூரை கிடைத்தது. இரண்டு காட்சியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி நான் நண்பர்களைத் தொந்தரவு பண்ணுவதுண்டு. முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பார்த்தால், அந்த ஆட்டத்துக்குள் ஒரு அழுகை இருப்பது கேட்கும்.

இப்போது வாத்தியாரின் டப்பிங் வழக்குக்கு வருகிறேன்.

‘உயிரே’யில் ஷாருக் கானுக்குக் குரல் கொடுத்தது அரவிந்த்சாமி. ‘ரோஜா’வில் கேட்டுப் பழகிய அந்தக் குரல் வேறு உடம்பிலிருந்து வந்தபோது முதல் பத்து நிமிஷம் தியேட்டரில் எல்லோருக்கும் ஒரு மாதிரி இருந்தது. பாட்டைத் தமிழில் எழுதியது வைரமுத்து. பாடியது அதே சுக்விந்தர் சிங், கூடவே மால்குடி சுபாவும் பாலக்காடு ஸ்ரீராமும். இந்திக்கு அசைந்து முடித்த உதட்டுக்குள் தமிழை வைத்து அடைக்கவேண்டிய வேலை அது. மெட்டுக்கு எழுதுவதாவது பரவாயில்லை. மெட்டோடு உதட்டுக்கும் எழுதுவது என்பது காலணிக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற கதை. சில வரிகளில் அந்த வெட்டு தெரியத்தான் செய்கிறது. குல்ஸாரின் நிழல் தமிழில் விழவில்லை. அது நஷ்டம்தான், மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் முதல் சொல் இருக்கிறதே. திரையில் ஷாருக்கின் உதடு கேட்பது ‘ஐயா’ என்ற ஓசையை மட்டும். அதற்கு முன்னால் எந்த மெய் நின்றாலும் கேமராவுக்குக் கவலையில்லை. ‘சை’ நின்ற இடத்தில் தமிழ் ‘தை’யை வைத்தது. அந்த ஒரு மாற்றத்தில் பாட்டு தன்னை அறியாமலேயே கசூருக்குத் திரும்பிப் போய்விட்டது. நிழல் போய்ச் சலங்கை வந்துவிட்டது. மூலமென்று சொல்லப்படும் இந்தியைவிட, நகலென்று சொல்லப்படும் தமிழ்தான் புல்லே ஷாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. டப்பிங் என்று இளக்காரமாகச் சொன்ன எங்களில் யாருக்கும் அன்றைக்கு இது தெரியாது.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் தோன்றவில்லை. நாங்கள் தினமும் கடந்துபோன தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஏ.வி. மெய்யப்பன் போர்க்காலத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947இன் ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். கோடம்பாக்கத்துக்குக் குடிபோனது அதற்கப்புறம்தான். அதே மெய்யப்பன் 1944இல் ‘ஹரிச்சந்திரா’ என்ற கன்னடப் படத்துக்குத் தமிழ்க்குரல் ஏற்றி வெளியிட்டார். இந்தியாவில் ஒரு மொழிப் படத்தை இன்னொரு மொழியில் டப் செய்தது அதுதான் முதல்தடவை என்று சினிமா வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். டப்பிங் என்பது எங்கள் காரைக்குடிப் பக்கத்து ஆளின் கைவேலை. அதைக் கேலி பண்ணிக்கொண்டு அதே ரஸ்தாவை நாங்கள் தினம் இரண்டு தடவை தாண்டியிருக்கிறோம்.

ரயில் பாட்டு என்றால் இன்னொன்றும் ஞாபகம் வரும். 1964இல் வந்த ‘பச்சை விளக்கு’, சிவாஜி கணேசனை ரயில் எஞ்சின் டிரைவராக்கி, எஞ்சின் ஓட்டிக்கொண்டே பாட வைத்தது. கரித்தூள் முகத்தோடு நிற்கும் அந்த டிரைவர் தத்துவம் பேசுவார், கனவு காணமாட்டார். ஓட்டுகிறவனுக்குக் கனவு கூடாது. கனவு டிக்கெட் வாங்கியவனுக்கு மட்டும்.

சில மாதம் கழித்து, இந்த உதட்டுக் கணக்கெல்லாம் தெரியாமலேயே, வாத்தியாரிடம் ஒருநாள் சண்டைக்குப் போனேன். “கம்பன் மட்டும் என்ன சார், வடக்கேயிருந்து வந்ததத்தானே தமிழ்ல பண்ணினாரு?”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கல்லல் தாண்டும் வரை பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “கம்பன் வாயசைவு பார்த்து எழுதல தம்பி. வால்மீகி வாயையே மாத்திட்டான்.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா அந்த ‘தை’ நல்லா விழுந்திருக்கு. அத ஒத்துக்கிறேன்.”

கம்பன் சமாதி மண்ணைப் பிள்ளைகள் நாக்கில் வைத்தால் தமிழ் வரும் என்று எங்கள் ஊரில் நம்பிக்கை உண்டு. எனக்கும் வைத்தார்களாம். அன்றைக்கு அந்த வாதத்தில் அது எனக்குப் பெரிதாக உதவவில்லை.

அடுத்த தையில் அப்பத்தாவின் தீர்ப்பு வந்தது. பொங்கல் கழிந்த முதல் செவ்வாயன்று எங்கள் ஊரில் செவ்வாய்ப் பொங்கல். கண்ணுடைய நாயகி கோயில் முன்னால் நகரத்தார் வீட்டுப் புள்ளிகள் எல்லாம் வரிசையாக அடுப்பு மூட்டி, நூற்றுக்கணக்கான பானை ஒரே நேரத்தில் பொங்கும். யார் பானை முதலில் என்பதற்குக் குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். தெருவில் மைக்செட்காரர் அம்மன் பாட்டுகளுக்கு நடுவே ‘தையா தையா’வைப் போட்டுவிட்டார். அப்பத்தா காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, “தை மாசத்துக்குன்னே எழுதுன பாட்டாப்பு?” என்றாள். ஆமாம் அப்பத்தா என்றேன். இன்னமும் அந்தப் பதிலுக்காக நான் வருத்தப்படவில்லை.

படம் இந்தியாவில் ஓடவில்லை. இங்கிலாந்தில் மட்டும் வசூல் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்தது. அதற்குமுன் எந்த இந்தியப் படமும் அங்கே நுழைந்ததில்லை. ஃபிலிம்ஃபேரில் இசைக்கும் பாட்டெழுத்துக்கும் பாடகருக்கும் ஆட்டத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் பரிசு. சந்தோஷ் சிவனுக்குத் தேசிய விருது. 2002இல் பிபிசி உலக சேவை நேயர்களிடம் உலகத்தின் சிறந்த பாட்டு எது என்று வாக்கெடுத்தபோது இது ஒன்பதாவது இடத்தில் வந்தது. நான்காவது இடம் இளையராஜாவின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. அதுவும் மணிரத்னம் படம்தான், ‘தளபதி’. இரண்டுக்கும் நடுவே ரஹ்மான் பெரிதா ராஜா பெரிதா என்ற சண்டை எங்கள் பெட்டியிலும் நடந்தது. அதை இங்கே திரும்ப ஆரம்பிக்கவில்லை.

பாட்டு கடல் தாண்டியது அதே 2002இல்தான். ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரித்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ என்ற இசைநாடகம் ஜூன் 19 அன்று லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் தொடங்கியது. சேரியில் இருந்துகொண்டு சினிமா நடிகனாகக் கனவு காணும் ஆகாஷ் என்ற பையனின் கதை. இசை ரஹ்மான். புதிதாக எழுதிய பாட்டுகளோடு, பழைய சரக்காக ‘சைய்ய சைய்யா’வும் மேடையேறியது. ஆட்டம் அமைத்தவர்களில் ஃபரா கானும் ஒருவர். அங்கே இரண்டு வருஷம் ஓடியது. 2004இல் நியூயார்க் பிராட்வேக்குப் போய் 2005 ஜனவரி முதல் நாளோடு முடிந்தது. அங்கே நீலகிரி இல்லை, 13 கிலோமீட்டர் வேகம் இல்லை. பகல்கனவு மட்டும் இருந்தது, அதற்கே ஜனம் டிக்கெட் வாங்கியது.

2006இல் ஸ்பைக் லீ ‘இன்சைட் மேன்’ எடுத்தார். நியூயார்க்கில் வங்கிக் கொள்ளை, டென்சல் வாஷிங்டன், கிளைவ் ஓவன். பெயர் ஓடத் தொடங்கியதும் கேட்பது சுக்விந்தரின் குரல். திரையில் ரயிலும் இல்லை, ஆட்டமும் இல்லை, ஒரு வேன் நகரத்துக்குள் போகிறது. கொள்ளையடிக்கப் போகிறவர்களுக்கும் அந்தத் தாளம் பொருந்தியது. படத்தின் கடைசியில் பஞ்சாபி எம்.சி.யின் ராப் சேர்த்து மறுபடி வருகிறது. குருவை மனம்குளிர வைக்க ஒரு சீடன் கட்டிய சலங்கை, வங்கிக்கு முகமூடி போட்டுப் போகிறவர்களுக்கு வழிநடையாக ஆனதைப் புல்லே ஷா ரசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வேஷம் போடுவதில் அவருக்கு ஆட்சேபம் இருந்திருக்காது.

ஊருக்குத் திரும்புகிறேன். எங்கள் பாதை அகலப்பாதையாயிற்று. ஹாஃப்லாங் பாதையும் 2015இல் அகலமாயிற்று. மூன்று மீட்டர்கேஜில் மிச்சம் நிற்பது நீலகிரி மட்டும். யுனெஸ்கோ 2005இல் அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்துவிட்டதால் இனி யாரும் அகலப்படுத்தமாட்டார்கள். அந்தப் பல்சக்கர எஞ்சின்கள் முதலில் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் ஊரிலிருந்து வந்தவை. இப்போது அவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்கிறார்கள். 2021இல்கூட நிலக்கரியில் ஓடும் புது எஞ்சின் ஒன்றை அங்கே கட்டி மலைக்கு அனுப்பினார்கள். நீராவி எஞ்சினை ஊரே மறந்த காலத்தில், ஒவ்வொரு ஆணியையும் தாங்களே கடைந்து செய்தவர்கள் பொன்மலைக்காரர்கள். அந்தப் பாட்டுக்குக் கிடைத்த பரிசுகளில் ஒன்றிரண்டை அவர்கள் பக்கமும் தள்ளியிருக்கலாம்.

அகலப்பாதையில் ரயில் வேகமாகப் போகிறது, குலுங்குவதில்லை. தண்டவாளத்தைப் பற்றவைத்து நீளநீளமாக ஒட்டிவிட்டார்கள், இடைவெளி இல்லை. அதனால் தட்டும் இல்லை. போன மாதம் நாட்டரசன்கோட்டையிலிருந்து காரைக்குடி வரை போனேன். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் காதில் செருகியிருந்ததிலிருந்து கசிந்த ஓசையை முதல் நொடியிலேயே அடையாளம் தெரிந்துகொண்டேன். நாங்கள் ரயிலின் தாளத்தில் பாட்டைக் கேட்டோம். இவன் பாட்டின் தாளத்தில் ரயிலைக் கேட்கிறான்.

“தம்பி, தமிழா இந்தியா?” என்றேன்.

ஒரு காதை எடுத்துவிட்டு, “இந்திதான் அங்கிள். தமிழ்லயும் இருக்கா?” என்றான்.

இருக்கிறது தம்பி. கேட்டுப் பார். கேட்டுவிட்டுக் கனவு வந்தால், காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் மலைரயில் கிளம்புகிறது. முன்பதிவு செய்துகொண்டு போ. ஜன்னலோரம் உட்கார்ந்துகொள். கூரைமேல் மட்டும் ஏறாதே. ரயில்வே சட்டம் 156ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.